செல் சுவாசத்தில் அணுக்களைப் பின்தொடர்வது எப்படி: உயிரியல் தேர்வுக்கான ஒரு வழிமுறை

நாம் உள்ளிழுக்கும் ஆக்ஸிஜன், செல் சுவாசத்தின் முடிவில் எந்தப் பொருளில் போய்ச் சேருகிறது என்று கேட்டால், தயங்காமல் கார்பன் டைஆக்ஸைடு என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். ஆக்ஸிஜனை இழுத்துக் கார்பன் டைஆக்ஸைடை வெளிவிடுகிறோம் என்ற வாக்கியம் தொடக்கப் பள்ளியிலிருந்தே மனத்தில் பதிந்திருப்பதால், உள்ளே சென்றதே உருமாறி வெளியே வருகிறது என்று எண்ணுவது இயல்புதான். ஆனால் விடை தவறு. அந்த ஆக்ஸிஜன் நீராகிறது. மூச்சில் வெளியேறும் கார்பன் டைஆக்ஸைடின் ஆக்ஸிஜன் வேறு இடங்களிலிருந்து வருகிறது. நொதிகளின் பெயர்களையும் ஏடிபி (ATP, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) எண்ணிக்கையையும் மனப்பாடம் செய்தவர்கள், ஓர் அணுவைக் குறிப்பிட்டு அது எங்கே சென்றது என்று கேட்கும் வினாவின் முன் தடுமாறுவதற்குக் காரணம், அவர்கள் மூலக்கூறுகளின் பெயர்களை வரிசையாகப் படித்திருக்கிறார்களே ஒழிய, ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயருக்கு எந்த அணு கடந்து சென்றது என்று பார்த்ததில்லை என்பதுதான்.

பதினோராம் வகுப்புப் பாடத்தையும் நீட் போன்ற நுழைவுத் தேர்வுகளையும் மனத்தில் வைத்து இங்கே விளக்கப்படும் வழிமுறைக்குத் தேவையானவை ஒரு தாளும் மூன்று நிறப் பென்சில்களும் மட்டுமே. கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் தொடர முயலக் கூடாது. ஒவ்வொன்றின் பாதையும் வேறு, ஒவ்வொன்றிலும் வரும் குழப்பமும் வேறு; ஆகவே ஒரு முழுப் பாதையையும் ஒரே தனிமத்துக்காக ஒரு முறை கடந்து முடித்த பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும்.

முதலில் சமன்பாட்டைச் சரியாக எழுதுங்கள்

பாடநூல்களில் பொதுவாகக் காணப்படும் சமன்பாடு, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் ஆறு ஆக்ஸிஜன் மூலக்கூறுகளும் சேர்ந்து ஆறு கார்பன் டைஆக்ஸைடையும் ஆறு நீரையும் தருவதாகக் கூறுகிறது. எடைக் கணக்கு சரியாகவே இருக்கிறது: 180 கிராம் குளுக்கோஸும் 192 கிராம் ஆக்ஸிஜனும் சேர்ந்து 372 கிராம், 264 கிராம் கார்பன் டைஆக்ஸைடும் 108 கிராம் நீரும் சேர்ந்து அதே 372 கிராம். ஆனால் அணுக்களைத் தொடர விரும்புபவருக்கு இந்தச் சுருக்கம் உதவாது, ஏனெனில் இருபுறமும் இருந்த ஆறு நீர் மூலக்கூறுகள் இதில் அடித்து நீக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத் திரும்ப எழுதினால், ஒரு குளுக்கோஸ், ஆறு நீர், ஆறு ஆக்ஸிஜன் ஆகியவை உள்ளே செல்கின்றன. ஆறு கார்பன் டைஆக்ஸைடும் பன்னிரண்டு நீரும் வெளியே வருகின்றன.

இந்த நீண்ட வடிவத்தை எழுதியவுடன் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. உள்ளே சென்ற ஆறு ஆக்ஸிஜன் மூலக்கூறுகளில் பன்னிரண்டு அணுக்கள் உள்ளன. வெளியே வரும் நீர் மூலக்கூறுகளும் பன்னிரண்டு. ஆறு கார்பன் டைஆக்ஸைடுக்குத் தேவையான பன்னிரண்டு ஆக்ஸிஜன் அணுக்களில் ஆறு குளுக்கோஸிலிருந்தும் ஆறு நீரிலிருந்தும் வருகின்றன. குளுக்கோஸின் பன்னிரண்டு ஹைட்ரஜனும் நீரின் பன்னிரண்டு ஹைட்ரஜனும் சேர்ந்த இருபத்து நான்கு, வெளியே வரும் பன்னிரண்டு நீரை நிரப்புகின்றன. தேர்வு அறையில் வேறு எதுவும் நினைவுக்கு வராவிட்டாலும் இந்த ஒரு வரியை வினாத்தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டால், அணுக்களைப் பற்றிய பல நேரடி வினாக்களுக்கு அதிலிருந்தே விடை காணலாம்.

ஏடிபி இந்தச் சமன்பாட்டின் வலப்புறத்தில் அடிக்கடி எழுதப்படுவதால், குளுக்கோஸே ஏடிபியாக மாறுகிறது என்ற எண்ணம் சிலருக்கு உண்டாகிறது. சுவாசத்தில் சிதையும் குளுக்கோஸின் ஓர் அணுகூட அந்தப் பாதையில் ஏடிபிக்குள் செல்வதில்லை. ஏற்கெனவே செல்லில் உள்ள அடினோசின் டைபாஸ்பேட்டுடன் (ADP) ஏற்கெனவே செல்லில் உள்ள பாஸ்பேட்டு இணைகிறது. குளுக்கோஸ் தருவது அந்த இணைப்புக்கு வேண்டிய ஆற்றலை மட்டுமே. இணைவதற்கு முன் இருக்கும் இரு பாஸ்பேட்டு கொண்ட ADP-யும், இணைந்தபின் உண்டாகும் மூன்று பாஸ்பேட்டு கொண்ட ATP-யும் தமிழில் ஒன்றுபோலவே ஏடிபி என்று எழுதப்படுவதால், விடைத்தாளில் அடினோசின் டைபாஸ்பேட்டு, அடினோசின் டிரைபாஸ்பேட்டு என்று முழுமையாகவே எழுதிவிடுவது நல்லது.

கார்பன்: எண் இடுதல்

குளுக்கோஸின் ஆறு கார்பன்களுக்கும் 1 முதல் 6 வரை எண் இட்டுச் செங்குத்தாக எழுதுங்கள். ஆல்டிஹைடு தொகுதி உள்ள மேல் முனை 1. கீழ் முனை 6. குளுக்கோஸ் இரண்டு பைருவிக் அமிலமாக மாறும் முதல் கட்டமான கிளைக்காலிசிஸில் பத்து வினைகள் இருந்தாலும் கார்பனைத் தொடர்பவருக்கு அவற்றில் இரண்டு போதும். முதலாவது, ஃபிரக்டோஸ்-1,6-பிஸ்பாஸ்பேட்டை ஆல்டோலேஸ் நொதி நடுவில் பிளப்பது. இதில் 1, 2, 3 ஆகிய கார்பன்கள் டைஹைட்ராக்சி அசிட்டோன் பாஸ்பேட்டாகவும், 4, 5, 6 ஆகியவை கிளிசரால்டிஹைடு-3-பாஸ்பேட்டாகவும் பிரிகின்றன. இரண்டாவது, முதல் துண்டும் கிளிசரால்டிஹைடு-3-பாஸ்பேட்டாக மாற்றப்படுவது.

இந்த மாற்றத்தில்தான் கவனம் வேண்டும். பிளவு நடந்த இடத்தில் அருகருகே இருந்தவை 3-ஆம், 4-ஆம் கார்பன்கள். இரு துண்டுகளும் ஒரே வகை மூலக்கூறாக ஆனபின், 3-ஆம் கார்பனும் 4-ஆம் கார்பனும் அந்தந்த மூலக்கூறின் ஆல்டிஹைடு முனையில் நிற்கின்றன. 2-உம் 5-உம் நடுவில் நிற்கின்றன. 1-உம் 6-உம் பாஸ்பேட்டு முனையில் நிற்கின்றன. அதாவது, குளுக்கோஸ் நடுவில் மடிக்கப்பட்டதுபோல, ஈரெண்களின் கூட்டுத்தொகை 7 ஆக வருமாறு கார்பன்கள் இணைசேர்கின்றன. இதற்குப் பின் இந்த இணையில் எது எதுவென்று செல்லால் வேறுபடுத்த இயலாது. பைருவிக் அமிலத்தை அடையும்போது, கார்பாக்சில் கார்பன் 3 அல்லது 4. கீட்டோ கார்பன் 2 அல்லது 5. மெத்தில் கார்பன் 1 அல்லது 6. இந்த மூன்று இணைகளையும் மூன்று நிறங்களில் குறித்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதை முழுவதற்கும் இந்த மூன்று நிறங்கள் போதும்.

பைருவிக் அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து அசிட்டைல் துணைநொதி ஏ ஆக மாறும்போது கார்பாக்சில் கார்பன் கார்பன் டைஆக்ஸைடாக வெளியேறுகிறது. எனவே குளுக்கோஸின் 3-ஆம், 4-ஆம் கார்பன்களே முதலில் வெளியேறுபவை. முதல் கார்பன்தான் முதலில் போகும் என்று ஊகித்து விடையளிப்போர் இங்கே மதிப்பெண்ணை இழக்கிறார்கள். ஒரு விதிவிலக்கையும் குறித்துக்கொள்ளலாம்: பெண்டோஸ் பாஸ்பேட்டு வழித்தடத்தில் குளுக்கோஸ் சென்றால், முதலில் வெளியேறுவது உண்மையாகவே 1-ஆம் கார்பன்தான். ஒரு திசுவுக்கு 1-ஆம் கார்பனில் கதிரியக்க அடையாளமிட்ட குளுக்கோஸையும், 6-ஆம் கார்பனில் அடையாளமிட்ட குளுக்கோஸையும் தனித்தனியே கொடுத்து, எது வேகமாகக் கதிரியக்கக் கார்பன் டைஆக்ஸைடைத் தருகிறது என்று ஒப்பிட்டு, அந்தத் திசுவில் பெண்டோஸ் வழித்தடம் இயங்குகிறதா என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தது இந்த வேறுபாட்டைக் கொண்டுதான்.

நொதித்தலிலும் இதே நிறங்கள் பயன்படும். ஈஸ்ட்டில் பைருவிக் அமிலத்தின் கார்பாக்சில் கார்பன் கார்பன் டைஆக்ஸைடாகப் பிரிவதால், வெளிவரும் வாயுக் குமிழிகளில் இருப்பவை 3-உம் 4-உம். எத்தனாலில் எஞ்சுபவை 1, 2, 5, 6. தசையில் உண்டாகும் லாக்டிக் அமிலத்தில் எதுவும் இழக்கப்படுவதில்லை. இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளின் அணுக்களைக் கூட்டினால் ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்ஸிஜன் என்று குளுக்கோஸின் எண்ணிக்கையே வரும். லாக்டிக் அமில நொதித்தலில் வாயு ஏன் வெளிவருவதில்லை என்ற வினாவுக்கு இதைவிடச் சுருக்கமான விடை இல்லை.

கிரெப்ஸ் சுழற்சி: ஒரே ஒரு விதி

ஹான்ஸ் கிரெப்ஸும் வில்லியம் ஜான்சனும் 1937-இல் முன்வைத்த இந்தச் சுழற்சியில் இரண்டு கார்பன் கொண்ட அசிட்டைல் தொகுதி நுழைகிறது. இரண்டு கார்பன் டைஆக்ஸைடு வெளியேறுகிறது. நுழைந்த இரண்டும்தான் வெளியேறிய இரண்டும் என்று எண்ணுவது எளிது. எண்ணிக்கை அளவில் அது சரிதான். ஆனால் அடையாளமிட்ட அணுவைத் தொடர்ந்தால் கதை வேறு. முதல் சுற்றில் வெளியேறும் இரண்டு கார்பன்களும், அசிட்டைல் தொகுதியை ஏற்று அதனுடன் இணையும் ஆக்சலோ அசிட்டிக் அமிலத்துக்கு உரியவை. புதிதாக வந்த அசிட்டைல் கார்பன்கள் இரண்டும் சுழற்சிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

எட்டு வினைகளின் அமைப்பு வாய்பாடுகளையும் வரைந்து ஒரு முறையேனும் இதை நீங்களே சரிபார்க்க வேண்டும் என்பது என் கருத்து. சரிபார்த்த பின் நினைவில் வைக்க வேண்டியது சிறிதே. ஆக்சலோ அசிட்டிக் அமிலம் நான்கு கார்பன் கொண்ட சங்கிலி. இரு முனைகளிலும் கார்பாக்சில் தொகுதி, நடுவில் இரு கார்பன்கள். ஒவ்வொரு சுற்றிலும் வெளியேறுபவை, அந்தச் சுற்றின் தொடக்கத்தில் இருந்த ஆக்சலோ அசிட்டிக் அமிலத்தின் இரு முனைக் கார்பன்கள்தான். சுற்று முடிந்து புதிய ஆக்சலோ அசிட்டிக் அமிலம் உருவாகும்போது, அசிட்டைலின் கார்பனைல் கார்பன் முனைக்குச் செல்கிறது. அசிட்டைலின் மெத்தில் கார்பன் நடுவுக்குச் செல்கிறது. பழைய நடுக் கார்பன்களில் கீட்டோ தொகுதி கொண்டது நடுவிலேயே நிற்கிறது, மற்றது முனைக்கு நகர்கிறது.

இடையில் வரும் சக்சினிக் அமிலம் சமச்சீரானது என்பதை மறக்கக் கூடாது. அதன் இரு பாதிகளும் ஒன்றுபோல் இருப்பதால், அடையாளமிட்ட கார்பன் அடுத்து உருவாகும் ஆக்சலோ அசிட்டிக் அமிலத்தின் எந்தப் பக்கத்தில் அமையும் என்பது சரிபாதி வாய்ப்புக்கு உட்பட்டது. எந்தப் பக்கம் என்றாலும் முனை முனையாகவும் நடு நடுவாகவும்தான் இருக்கும்.

இந்த விதியைக் குளுக்கோஸின் கார்பன்களுக்குப் பொருத்திப் பாருங்கள். 2-ஆம், 5-ஆம் கார்பன்கள் அசிட்டைலின் கார்பனைல் இடத்தில் நுழைகின்றன. முதல் சுற்றின் முடிவில் முனைக்கு வருகின்றன. இரண்டாம் சுற்றில் முழுமையாக வெளியேறிவிடுகின்றன. 1-ஆம், 6-ஆம் கார்பன்கள் மெத்தில் இடத்தில் நுழைந்து நடுவில் தங்குகின்றன; இரண்டாம் சுற்றிலும் அவற்றில் எதுவும் வெளியேறுவதில்லை, ஆனால் அவற்றில் பாதி முனைக்கு நகர்கிறது; மூன்றாம் சுற்றில் அந்தப் பாதி வெளியேறுகிறது. அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சியதில் பாதி வெளியேறும்: மூன்றாம் சுற்றில் 50 விழுக்காடு, நான்காம் சுற்றில் 25, ஐந்தாம் சுற்றில் 12.5. உயிருள்ள செல்லில் சுழற்சியின் இடைப்பொருள்கள் அமினோ அமிலம் போன்றவற்றைத் தயாரிக்கவும் எடுத்துக்கொள்ளப்படுவதால் இந்த எண்கள் அப்படியே வருவதில்லை. தேர்வு வினாவில் வேறு பொருள் எதுவும் சுழற்சியிலிருந்து எடுக்கப்படவில்லை என்று கொள்ளலாம்.

கூர்மையாகப் படிப்பவர் இங்கே ஓர் ஐயத்தை எழுப்பக்கூடும். சிட்ரிக் அமிலமும் பார்வைக்குச் சமச்சீரானதுதானே; அதன் இரு கரங்களில் எது அசிட்டைலிலிருந்து வந்தது, எது ஆக்சலோ அசிட்டிக் அமிலத்திலிருந்து வந்தது என்று நொதிக்கு எப்படித் தெரியும்? இந்த ஐயம் விஞ்ஞானிகளையே சில ஆண்டுகள் வழிதவறச் செய்தது. 1940-களின் தொடக்கத்தில் அடையாளமிட்ட கார்பன் டைஆக்ஸைடைக் கொண்டு செய்யப்பட்ட சோதனைகளில், ஆல்ஃபா கீட்டோகுளுட்டாரிக் அமிலத்தின் ஒரே ஒரு கார்பாக்சில் தொகுதியில் மட்டும் அடையாளம் தென்பட்டது. சமச்சீரான சிட்ரிக் அமிலம் வழியாகச் சென்றிருந்தால் இரண்டிலும் தென்பட்டிருக்க வேண்டும் என்று வாதிட்டு, சிட்ரிக் அமிலம் இந்தச் சுழற்சியின் இடைப்பொருளே அன்று என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள். 1948-இல் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் விளக்கம் தந்தார்: நொதியின் பரப்பில் ஒரு மூலக்கூறு மூன்று புள்ளிகளில் பொருந்துமானால், ஒன்றுபோல் தோன்றும் இரு கரங்களையும் அந்த நொதியால் வேறுபடுத்த முடியும். சிட்ரிக் அமிலம் தன் இடத்தைத் திரும்பப் பெற்றது.

ஹைட்ரஜன்: எண்ணிக்கை வேறு, அடையாளம் வேறு

ஹைட்ரஜனை இணை இணையாக எண்ணுவதே வசதி. குளுக்கோஸ் சிதையும்போது பிரியும் ஹைட்ரஜனை ஏந்திச் செல்பவை என்ஏடிஎச் (NADH), எஃப்ஏடிஎச்2 (FADH2) என்ற மூலக்கூறுகள். கிளைக்காலிசிஸில் இரண்டு என்ஏடிஎச், பைருவிக் அமிலத்தின் ஆக்ஸிஜனேற்றத்தில் இரண்டு, கிரெப்ஸ் சுழற்சியின் இரண்டு சுற்றுகளில் ஆறு என்ஏடிஎச்சும் இரண்டு எஃப்ஏடிஎச்2-உம் உண்டாகின்றன. மொத்தம் பன்னிரண்டு இணைகள், அதாவது இருபத்து நான்கு ஹைட்ரஜன்கள். ஆனால் குளுக்கோஸில் இருப்பவை பன்னிரண்டு மட்டுமே. மீதிப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தன என்ற கேள்வியைப் பெரும்பாலான மாணவர்கள் கேட்பதே இல்லை. அவை கிரெப்ஸ் சுழற்சியில் சேரும் ஆறு நீர் மூலக்கூறுகளிலிருந்து வந்தவை.

படிப்படியாகச் சரிபார்ப்பது கடினமன்று. குளுக்கோஸ் இரண்டு பைருவிக் அமிலமாக மாறும்போது ஹைட்ரஜன் பன்னிரண்டிலிருந்து எட்டாகக் குறைகிறது; இழந்த நான்கு இரண்டு என்ஏடிஎச்சுக்குச் சரி. சுழற்சிக்குள் ஓர் அசிட்டைல் தொகுதி மூன்று ஹைட்ரஜனோடு நுழைகிறது. மூன்று நீர் மூலக்கூறுகள் ஆறு ஹைட்ரஜனைச் சேர்க்கின்றன. இந்த ஒன்பதில் ஒன்று துணைநொதி ஏ-உடன் திரும்பிச் செல்ல, மீதி எட்டும் மூன்று என்ஏடிஎச்சுக்கும் ஓர் எஃப்ஏடிஎச்2-க்கும் பகிரப்படுகின்றன.

இந்த எண்ணிக்கை சரியாக இருந்தாலும், குளுக்கோஸிலிருந்த ஒரு குறிப்பிட்ட ஹைட்ரஜன் அணு அப்படியே இறுதியில் உண்டாகும் நீருக்குள் செல்கிறது என்று எழுதுவது தவறாகிவிடும். பிரிக்கப்படும் இரண்டு ஹைட்ரஜன்களில் ஒன்று மட்டுமே இரண்டு எலக்ட்ரான்களோடு என்ஏடி மீது ஏறுகிறது. மற்றொன்று புரோட்டானாகச் சுற்றியுள்ள நீரில் கலந்துவிடுகிறது. கிளைக்காலிசிஸில் உண்டாகும் என்ஏடிஎச் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைக் கடப்பதே இல்லை. அதன் எலக்ட்ரான்கள் மட்டும் வேறு மூலக்கூறுகள் வழியாக உள்ளே கொண்டு செல்லப்படுகின்றன. எலக்ட்ரான் கடத்து சங்கிலியிலும் எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் பிரிந்து செல்கின்றன. சங்கிலியின் இறுதியில் ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களையும், மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதியான மேட்ரிக்ஸில் அப்போது இருக்கும் ஏதோ நான்கு புரோட்டான்களையும் ஏற்று இரண்டு நீர் மூலக்கூறுகளாகிறது. எனவே, சங்கிலியின் வழியாகச் செல்பவை எலக்ட்ரான்கள் என்றும், ஹைட்ரஜன் கணக்கில் மட்டுமே நீரைச் சென்றடைகிறது என்றும் விடையில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

ஆக்ஸிஜன்

மூன்றில் இதுவே அதிகம் பிழைபடுவது; இதன் பாதையோ மிகக் குறுகியது. உள்ளிழுத்த ஆக்ஸிஜன் கிளைக்காலிசிஸில் பங்கேற்பதில்லை, கிரெப்ஸ் சுழற்சியில் எந்த மூலக்கூறுடனும் இணைவதில்லை. எலக்ட்ரான் கடத்து சங்கிலியின் கடைசி நொதியான சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸிடம் மட்டுமே வந்து, அங்கேயே நீராக மாறிவிடுகிறது. ஆக்ஸிஜன் இல்லாதபோது கிரெப்ஸ் சுழற்சியும் நின்றுபோவதற்குக் காரணம், என்ஏடிஎச் தன் எலக்ட்ரான்களை இறக்கிவைக்க இடமின்றிச் சுழற்சிக்கு வேண்டிய என்ஏடி தீர்ந்துபோவதுதான். சுழற்சிக்கு ஆக்ஸிஜன் அணு தேவைப்படுவது அன்று.

கார்பன் டைஆக்ஸைடின் ஆக்ஸிஜனை மீண்டும் படிப்படியாகப் பாருங்கள். பைருவிக் அமிலத்தில் மூன்று ஆக்ஸிஜன்கள் உள்ளன; அதன் கார்பாக்சில் தொகுதி தன் இரண்டு ஆக்ஸிஜனோடும் வெளியேறுகிறது; அசிட்டைல் தொகுதியில் எஞ்சுவது ஒன்று. சுழற்சியின் ஒரு சுற்றில் வெளியேறும் இரண்டு கார்பன் டைஆக்ஸைடுக்கு நான்கு தேவை. குறையும் மூன்றைத் தருபவை மூன்று நீர் மூலக்கூறுகள். சிட்ரிக் அமிலம் உருவாகும் வினையில் ஒரு நீரும், ஃபியூமரிக் அமிலம் மாலிக் அமிலமாகும் வினையில் ஒரு நீரும் நேரடியாகச் சேர்கின்றன. மூன்றாவது, சக்சினைல் துணைநொதி ஏ சக்சினிக் அமிலமாகும் படியில், பாஸ்பேட்டின் ஓர் ஆக்ஸிஜனாக மறைமுகமாக நுழைகிறது. அந்தப் பாஸ்பேட்டு பின்னர் நீரால் பகுக்கப்பட்டு மீளும்போது கணக்கு ஒரு நீராகச் சமனாகிறது. மூன்றாவது நீரைச் சுழற்சியின் படத்தில் தேடிக் காணாமல் குழம்புவோருக்கு இதுவே விளக்கம்.

இங்கும் எண்ணிக்கையும் அடையாளமும் ஒன்றன்று. கிளைக்காலிசிஸில் ஈனோலேஸ் நொதி நீரை நீக்கும்போது, குளுக்கோஸின் இரு முனைகளில் இருந்த ஆக்ஸிஜன்கள் அந்த நீரோடு போய்விடுகின்றன. அவற்றின் இடத்தைப் பாஸ்பேட்டின் ஆக்ஸிஜன் நிரப்பியிருக்கிறது. குளுக்கோஸிலிருந்து ஆறு, நீரிலிருந்து ஆறு என்பது வரவுசெலவு அளவில் சரியானது என்று புரிந்துகொண்டால் போதும்.

ஆக்ஸிஜன்-18 ஐசோடோப்பைப் பற்றிய வினா வந்தால் இன்னும் ஒரு நுணுக்கம் தேவைப்படலாம். நேதன் லிஃப்சன் குழுவினர் 1949-இல் வெளியிட்ட ஆய்வில், விலங்குகள் வெளிவிடும் கார்பன் டைஆக்ஸைடின் ஆக்ஸிஜன், உடலிலுள்ள நீரின் ஆக்ஸிஜனோடு தொடர்ந்து பரிமாறிக்கொண்டு சமநிலையில் இருப்பது காட்டப்பட்டது. கார்பன் டைஆக்ஸைடு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகி மீண்டும் பிரிவதாலும், கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதி அதை விரைவுபடுத்துவதாலும் இந்தப் பரிமாற்றம் நிகழ்கிறது. ஆகவே, ஆக்ஸிஜன்-18 வாயுவைச் சுவாசித்த எலியில் அடையாளம் முதலில் நீரில் தோன்றும். பின்னர் அந்த நீரின் வழியாக, வெளிவிடும் கார்பன் டைஆக்ஸைடிலும் தோன்றும். முதலில் எங்கே என்று வினா கேட்கிறதா, காலப்போக்கில் எங்கெல்லாம் என்று கேட்கிறதா என்பதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

சுவாச ஈவுக் கணக்கில் இதைப் பயன்படுத்துதல்

அணுக்களைப் பின்தொடரக் கற்றவருக்குச் சுவாச ஈவு, அதாவது வெளிவரும் கார்பன் டைஆக்ஸைடை எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜனால் வகுத்து வரும் எண், தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய அட்டவணை அன்று. எந்தச் சுவாசப் பொருளாக இருந்தாலும், முதலில் அதன் ஒவ்வொரு கார்பனுக்கும் இரண்டு ஆக்ஸிஜன் தேவை என்று கணக்கிட்டு, மூலக்கூறில் ஏற்கெனவே உள்ள ஆக்ஸிஜனைக் கழியுங்கள். குறைவது எத்தனையோ அத்தனை நீர் மூலக்கூறுகள். பிறகு மூலக்கூறின் ஹைட்ரஜனோடு அந்த நீரின் ஹைட்ரஜனைக் கூட்டி நான்கால் வகுத்தால், தேவைப்படும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளின் எண்ணிக்கை கிடைக்கும். கார்பனின் எண்ணிக்கையை அதனால் வகுத்தால் சுவாச ஈவு.

மாலிக் அமிலத்தில் நான்கு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஐந்து ஆக்ஸிஜன். தேவை எட்டு, இருப்பது ஐந்து, எனவே நீர் மூன்று. ஹைட்ரஜன் ஆறும் ஆறும் பன்னிரண்டு; நான்கால் வகுக்க மூன்று. நான்கை மூன்றால் வகுத்தால் 1.33. டிரைபால்மிட்டின் என்ற கொழுப்பில் 51 கார்பன், 98 ஹைட்ரஜன், 6 ஆக்ஸிஜன். தேவை 102, குறைவது 96, மொத்த ஹைட்ரஜன் 98-உம் 192-உம் சேர்ந்து 290. நான்கால் வகுக்க 72.5. சுவாச ஈவு 0.7. கொழுப்புக்கு ஏன் அதிக ஆக்ஸிஜன் தேவை என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது: அதன் கார்பன்கள் பெரும்பாலும் ஆக்ஸிஜன் இல்லாதவை, அதனால் அதிக நீர் சேர வேண்டியிருக்கிறது, அதனால் அதிக எலக்ட்ரான்கள் சங்கிலிக்கு வருகின்றன.

உடல் எடை குறையும்போது கொழுப்பு எங்கே போகிறது என்ற வினாவும் இதே வகையைச் சேர்ந்ததுதான். ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் 2014-இல் வெளியிட்ட கட்டுரையில், 10 கிலோ கொழுப்பு முழுமையாக ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் அதன் நிறையில் 8.4 கிலோ கார்பன் டைஆக்ஸைடாகவும் 1.6 கிலோ நீராகவும் வெளியேறுகிறது என்று கணக்கிட்டார்கள். கொழுப்பு ஆற்றலாகவோ வெப்பமாகவோ மாறி மறைந்துவிடுகிறது என்று மருத்துவர்களில் பலரே நம்பியிருந்ததையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வேதிவினையில் அணுக்கள் ஆற்றலாக மாறுவதில்லை. விடைத்தாளில் ஆற்றலுக்கு ஒரு வாக்கியமும் அணுக்களுக்குத் தனியே ஒரு வாக்கியமும் எழுதினால் இந்தக் குழப்பம் நேராது.

பயிற்சி செய்யும் முறை

ஒரு வாரத்துக்கு ஒரு தனிமம் என்று பிரித்துக்கொண்டு, நூலை மூடிவைத்துப் பாதையை நினைவிலிருந்து வரையுங்கள். ஒவ்வொரு மூலக்கூறின் கீழும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் எண்ணிக்கையை எழுதி, அம்புக்குறிக்கு முன்னும் பின்னும் அவை ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாத இடத்தில் ஒரு நீரோ, ஒரு கார்பன் டைஆக்ஸைடோ, ஓர் என்ஏடிஎச்சோ விடுபட்டிருக்கும். விடுபட்டதை நீங்களே கண்டுபிடிப்பது, நூலைப் பார்த்து நிரப்புவதைவிட நெடுநாள் நினைவில் நிற்கும். இடைப்பொருள்களின் பெயர்களை இந்தக் கட்டத்தில் மறந்தாலும் கவலை வேண்டாம். கார்பன் எண்ணிக்கையைச் சரியாக எழுதிவிட்டால் பெயர்கள் பின்னர் எளிதில் வந்து பொருந்தும்.

பின்னர் வினாக்களை நீங்களே உருவாக்குங்கள். ஓர் அணுவையும் ஓர் இடத்தையும் தேர்ந்தெடுத்தால் ஒரு வினா தயாராகிவிடும். ஈஸ்ட்டுக்கு 4-ஆம் கார்பனில் அடையாளமிட்ட குளுக்கோஸைக் காற்றில்லாச் சூழலில் கொடுத்தால் எத்தனாலில் அடையாளம் தெரியுமா? தெரியாது, முழுவதும் வாயுவில் இருக்கும். அதே குளுக்கோஸைக் கடுமையாக இயங்கும் தசைக்குக் கொடுத்தால்? லாக்டிக் அமிலத்தின் கார்பாக்சில் தொகுதியில் இருக்கும். 5-ஆம் கார்பனில் அடையாளமிட்டு, ஆக்ஸிஜனுள்ள சூழலில் கிரெப்ஸ் சுழற்சியின் முதல் சுற்றில் வெளிவரும் கார்பன் டைஆக்ஸைடைச் சோதித்தால்? அதில் அடையாளம் இராது. இரண்டாம் சுற்றில் முழுவதும் வெளிவரும். சற்றுக் கடினமான ஒன்று வேண்டுமானால் ஆக்ஸாலிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், நான்கு ஆக்ஸிஜன்: நீர் எதுவும் தேவையில்லை, இரண்டு ஹைட்ரஜனுக்கு அரை மூலக்கூறு ஆக்ஸிஜன் போதும், சுவாச ஈவு 4.